இருட்டை விரட்டும் மஞ்சள் பன்!

சுவீடன் நாட்டு வீடுகளில் டிசம்பர் 13-ந் தேதி மணக்கும் பலகாரம்

டிசம்பர் மாதம் 13-ந் தேதி. சுவீடன் நாடு.

காலை 7 மணி ஆகிவிட்டது. ஆனால் வெளியே நள்ளிரவு போல் கும்மிருட்டு. கடுங்குளிர்.

வீட்டின் கதவு மெல்லத் திறக்கிறது. ஒரு சிறுமி வருகிறாள். அவள் அணிந்திருப்பது வெள்ளை அங்கி. இடுப்பிலே சிவப்பு நாடா. தலையிலே பச்சை இலைகளால் ஆன கிரீடம். அந்தக் கிரீடத்தில் வரிசையாக விளக்குகள்.

அவள் பின்னால் தம்பி, தங்கைகள் பாடிக்கொண்டே வருகிறார்கள். அவள் கையில் ஒரு தட்டு இருக்கிறது. தட்டில் சூடான காப்பி. அதன் பக்கத்தில் தங்க நிறத்தில் பன்கள்!

படுக்கையில் இருக்கும் தாயும் தந்தையும் கண் விழிக்கிறார்கள். குங்குமப்பூ வாசனை அறை முழுவதும் பரவுகிறது.

இதுதான் லூசியா திருநாள். அந்தப் பன்னுக்குப் பெயர் "லுஸ்ஸெகாட்". "லூசியாவின் பூனை" என்று பொருள்!

பன்னுக்கு ஏன் பூனையின் பெயர்? அந்தக் கதையைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த இருட்டைப் பற்றிப் பார்ப்போம்.

சூரியன் எங்கே?

சுவீடன், ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கிறது. ஜனத்தொகை ஒரு கோடிக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான்.

நம் ஊரில் மார்கழி மாதம் ஆனாலும், காலை ஆறரை மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். சுவீடனில் அப்படி அல்ல. தலைநகரான ஸ்டாக்கோமில் டிசம்பர் மாதத்தில் காலை எட்டரை மணிக்கு மேல்தான் பொழுது விடியும். பிற்பகல் 3 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்!

குழந்தைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் இருட்டிவிடும்.

வடக்கே போகப் போக நிலைமை இன்னும் மோசம். கிரூனா என்று ஓர் ஊர். சுரங்கத் தொழிலாளர்கள் வாழும் ஊர். அங்கே டிசம்பர் மாதத்தில் பல நாட்கள் சூரியன் தலை காட்டுவதே இல்லை.

இப்படிப்பட்ட நாட்டில் வெளிச்சம் என்றால் சும்மாவா? அதனால்தான் குளிர்காலத்தின் நடுவில் விளக்கு ஏற்றி ஒரு திருநாள் கொண்டாடுகிறார்கள்.

பேய்கள் உலாவும் இரவு!

ஆண்டிலேயே மிக நீண்ட இரவு எது? டிசம்பர் 21 அல்லது 22-ந் தேதி இரவு. ஆனால் பழைய காலத்து சுவீடன் மக்கள், டிசம்பர் 13-ந் தேதி இரவுதான் மிக நீண்டது என்று நம்பினார்கள்.

காரணம், பழைய காலண்டர். அந்தக் காலண்டரின்படி, சுமார் 128 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் தேதி தவறிக்கொண்டே போயிற்று. 1300-ம் ஆண்டுக்குப் பிந்திய நூறு ஆண்டுகளில், மிக நீண்ட இரவு டிசம்பர் 13-ந் தேதி வாக்கில் வந்தது.

1753-ம் ஆண்டு சுவீடன் அரசாங்கம் காலண்டரைத் திருத்தியது. எப்படித் தெரியுமா? பிப்ரவரி 17-ந் தேதிக்கு மறுநாள் மார்ச் 1-ந் தேதி என்று அறிவித்தது. நடுவிலே 11 நாட்கள் மாயமாய் மறைந்தன!

தேதி மாறியது. ஆனால் மக்களின் நம்பிக்கை மாறவில்லை. 13-ந் தேதி இரவு அதே பெருமையோடு நின்றுவிட்டது.

அந்த இரவில் கெட்ட ஆவிகள் உலாவும் என்று கிராமத்து மக்கள் பயந்தார்கள். ஆடு மாடுகள் அன்று இரவு மனிதர் போல் பேசும் என்றும் சொன்னார்கள். எனவே மாடுகளுக்கு அன்று தீவனம் கொஞ்சம் அதிகம் வைப்பார்களாம். பேசத் தொடங்கினால் குறை சொல்லக்கூடாது அல்லவா?

லூசியா யார்?

லூசியா, சுவீடன் நாட்டுப் பெண் அல்ல. இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவில், சிராக்கூஸ் என்ற நகரில் வாழ்ந்தவள். கிறிஸ்தவ மதத்தைச் சேர்ந்தவள் என்பதற்காக, ரோமாபுரி மன்னன் டயோக்ளீஷியன் காலத்தில், 304-ம் ஆண்டு வாக்கில் கொல்லப்பட்டாள்.

அவளைப் பற்றி ஒரு கதை உண்டு. அடக்குமுறைக்குப் பயந்து மக்கள் பூமிக்கு அடியில் உள்ள சுரங்கங்களில் ஒளிந்திருந்தார்கள். அவர்களுக்கு லூசியா உணவு கொண்டு போனாள். இரண்டு கைகளிலும் உணவு. விளக்கை எப்படிப் பிடிப்பது? தலையிலே விளக்குகளைச் சூடிக்கொண்டாள்!

லூசியா என்ற பெயரும், லத்தீன் மொழியில் "ஒளி" என்று பொருள்படும் சொல்லில் இருந்து வந்ததே.

வெள்ளை அங்கி அணிந்த லூசியா, சுவீடனில் முதன்முதலாக 1764-ம் ஆண்டில் காணப்பட்டதாகக் குறிப்பு இருக்கிறது. மேற்கு சுவீடனில் ஒரு பண்ணையார் மாளிகையில் அது நடந்தது. அதன் பிறகும் வெகுகாலம் அது பணக்கார வீட்டு வழக்கமாகவே இருந்தது.

1927-ம் ஆண்டில் ஸ்டாக்கோமில் ஒரு பத்திரிகை, நகரத்துக்கு ஒரு லூசியாவைத் தேர்ந்து எடுத்தது. பிறகு ஊருக்கு ஊர் போட்டி! பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, அலுவலகம் எங்கும் லூசியா ஊர்வலம் பரவிவிட்டது.

அந்தக் காலத்தில் கிரீடத்தில் உண்மையான மெழுகுவர்த்திகள் எரிந்தன. இப்போது சிறுமிகள் பெரும்பாலும் பாட்டரி விளக்குக் கிரீடம்தான் அணிகிறார்கள். தலைமுடியில் தீப்பிடிக்கும் ஆபத்து இல்லை.

பூனை வந்த கதை

இனி பன்னுக்கு வருவோம்.

முன்பு ஜெர்மனியிலும் அதைச் சுற்றி உள்ள நாடுகளிலும் ஒரு கதை வழங்கியது. சைத்தான், பூனை உருவத்தில் வந்து குழந்தைகளைப் பயமுறுத்துவானாம். அவனை விரட்டக் குழந்தைகளுக்கு மஞ்சள் நிறப் பன் கொடுப்பார்களாம். மஞ்சள் நிறம் ஒளியின் நிறம். சைத்தானுக்கு ஒளியைக் கண்டால் ஆகாது!

அந்தப் பன்தான் சுவீடனுக்கு வந்து "லூசியாவின் பூனை" ஆனது என்று சொல்கிறார்கள்.

பன்னைப் பார்த்தாலும் பூனை நினைவு வரும். வால் சுருண்டு படுத்திருக்கும் பூனை போல இரண்டு பக்கமும் சுருள். ஒவ்வொரு சுருளின் நடுவிலும் ஒரு காய்ந்த திராட்சை. இருட்டில் மின்னும் பூனைக் கண் போல!

ஒரு பன்னுக்கு நாலு பூ!

மஞ்சள் நிறம் எப்படி வருகிறது? குங்குமப்பூவினால் வருகிறது. உலகிலேயே விலை உயர்ந்த வாசனைப் பொருள் அதுதான்.

ஊதா நிறத்தில் பூக்கும் ஒரு சிறு பூவின் நடுவில், சிவப்பு நிறத்தில் மூன்று இழைகள் இருக்கும். அந்த மூன்று இழைகளைக் காய வைத்தால், அதுவே குங்குமப்பூ. பூவைப் பறிப்பதும், இழையைக் கிள்ளுவதும் கையால் செய்யவேண்டிய வேலை.

ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு சுமார் ஒன்றரை லட்சம் பூக்கள் வேண்டும். ஒரு கிராமுக்கு 150 பூக்கள்! ஒரு கிராம் குங்குமப்பூவில் சுமார் 36 பன்கள் செய்யலாம். அப்படியானால் ஒரு பன்னில் நாலு பூக்கள் ஒளிந்திருக்கின்றன.

உலகத்தில் விளையும் குங்குமப்பூவில் மிகப் பெரும்பகுதி ஈரானில் விளைகிறது. நம் நாட்டில் காஷ்மீரத்தில், பாம்பூர் என்ற ஊர் இதற்குப் பேர் பெற்றது.

சுவீடன் கடைகளில் அரை கிராம் குங்குமப்பூவைச் சின்னஞ்சிறு பொட்டலமாக விற்கிறார்கள். பல கடைகளில் அதை அலமாரியில் வைப்பது இல்லை. பணம் வாங்கும் இடத்தில்தான் கேட்டு வாங்கவேண்டும். திருட்டுப் பயம்தான் காரணம்!

கலப்படம் செய்தவனுக்கு மரணம்!

விலை உயர்ந்த பொருள் என்றால் கலப்படமும் கூடவே வரும்.

ஜெர்மனியில் நியூரம்பர்க் என்ற நகரம். 1444-ம் ஆண்டு ஒரு வியாபாரி குங்குமப்பூவில் கலப்படம் செய்து அகப்பட்டுக்கொண்டான். அவனுக்கு என்ன தண்டனை தெரியுமா? அவனை அந்தக் கலப்படச் சரக்கோடு சேர்த்து எரித்துவிட்டார்கள்!

இன்றும் சாயம் ஏற்றிய நார்களைக் குங்குமப்பூ என்று விற்பவர்கள் உண்டு. வாங்குபவர்கள் இதைக் கவனிக்கலாம். இரண்டு இழைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் போடுங்கள். நல்ல குங்குமப்பூ என்றால் நிறம் மெதுவாக இறங்கும். தண்ணீர் பொன் மஞ்சள் ஆகும். இழை சிவப்பாகவே இருக்கும். போட்டவுடன் தண்ணீர் சிவந்து, இழை வெளுத்துப் போனால், அது சாயம்!

ஏழை வீட்டுக்கு வந்த பன்

பழைய காலத்து சுவீடனில் ஏழைகளின் உணவு என்ன? கம்பு போன்ற "ரை" என்ற தானியத்தில் செய்த கெட்டியான ரொட்டி. வெள்ளைக் கோதுமை மாவு பணக்காரர் வீட்டுப் பண்டம். குங்குமப்பூ அதைவிட அரிது.

சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்புதான் நிலைமை மாறியது. கோதுமை மாவின் விலை இறங்கியது. வீட்டுக்கு வீடு இரும்பு அடுப்பு வந்தது. அந்த அடுப்பிலேயே ரொட்டி சுடும் அறையும் இருந்தது. அதற்குப் பிறகுதான் சாதாரணக் குடும்பங்களும் வெள்ளைப் பன் சுடத் தொடங்கின.

குங்குமப்பூ இன்றும் மலிவு அல்ல. ஆனாலும் டிசம்பர் மாதம் வந்தால் அதை வாங்காத வீடு குறைவு. ஆண்டு முழுவதும் கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் தாயும், அந்த ஒரு கிராமுக்குக் கணக்குப் பார்ப்பது இல்லை.

செய்வது எப்படி?

சுவீடன் வீடுகளில் செய்யும் முறை இதுதான். சுமார் 36 பன்களுக்கு வேண்டிய சாமான்கள்:

குங்குமப்பூ 1 கிராம்.
மைதா மாவு 1 கிலோ.
பால் அரை லிட்டர்.
வெண்ணெய் 175 கிராம்.
சர்க்கரை 180 கிராம்.
உப்பு அரை சிறு கரண்டி.
ஈஸ்ட் 50 கிராம். (உலர்ந்த ஈஸ்ட் என்றால் 15 கிராம் போதும்.)
தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் 250 கிராம். (சுவீடனில் "குவார்க்" என்ற மென்மையான பாலாடைக் கட்டியைச் சேர்க்கிறார்கள். கெட்டித் தயிர் அதற்கு ஈடு கொடுக்கும்.)
மேலே தடவ ஒரு முட்டை. கொஞ்சம் காய்ந்த திராட்சை.

முதலில் குங்குமப்பூவைச் சிறு உரலில் போட்டு, ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்துப் பொடி செய்யவேண்டும். சர்க்கரை எதற்கு? இழை வழுக்காமல் நன்றாக அரைபடுவதற்கு. பிறகு இரண்டு கரண்டி வெதுவெதுப்பான பாலில் அரை மணி நேரம் ஊறவிடவேண்டும். அப்போதுதான் நிறமும் மணமும் முழுவதும் இறங்கும்.

வெண்ணெயை உருக்கி, மீதிப் பாலை ஊற்றி, வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளவேண்டும். விரலை விட்டால் சூடும் தெரியக்கூடாது; குளிர்ச்சியும் தெரியக்கூடாது. இது முக்கியம்! ஈஸ்ட் உயிர் உள்ள பொருள். பால் கொதித்தால் அது செத்துவிடும். மாவு பொங்காது. பால் ஆறிப்போனாலும் ஈஸ்ட் சோம்பிவிடும்.

அந்தப் பாலில் ஈஸ்ட்டைக் கரைத்து, தயிர், குங்குமப்பூ, சர்க்கரை, உப்பு எல்லாவற்றையும் சேர்க்கவேண்டும். பிறகு மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பத்து நிமிஷம் நன்றாகப் பிசையவேண்டும்.

பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடி, குளிர்காற்று படாத இடத்தில் முக்கால் மணி நேரம் வைத்தால், இரண்டு மடங்காகப் பொங்கும். இட்லி மாவு பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிது அல்ல.

பொங்கிய மாவை 36 உருண்டைகளாகப் பிரித்துக்கொள்ளவேண்டும். ஒவ்வொன்றையும் விரல் கனத்துக்கு, ஒரு சாண் நீளத்துக்குத் திரிக்கவேண்டும். ஒரு முனையை மேல்பக்கமாகவும், மறு முனையை எதிர்ப்பக்கமாகவும் சுருட்டினால் பூனை தயார்!

தகட்டில் இடம் விட்டு அடுக்கி, துணி போட்டு, மறுபடியும் அரை மணி நேரம் பொங்கவிடவேண்டும். பிறகு அடித்த முட்டையைத் தடவி, சுருளின் நடுவில் திராட்சையை ஆழமாக அழுத்தவேண்டும். மேலாக வைத்தால் பன் உப்பும்போது திராட்சை வெளியே குதித்துவிடும்! திராட்சையை முன்பே தண்ணீரில் ஊறவைத்தால் கருகாது.

ஓவனை முன்கூட்டியே 225 டிகிரி சூடாக்கி வைக்கவேண்டும். பன்களை உள்ளே தள்ளி, 7 அல்லது 8 நிமிஷம். அவ்வளவுதான்! மேலே பொன் நிறம் வந்தவுடன் எடுத்துவிடவேண்டும். சுடச்சுடத் துணியால் மூடி ஆறவிட்டால் மெதுவாக இருக்கும்.

பன் காய்ந்து போவது ஏன்?

சுவீடன் தாய்மார்களுக்கு ஆண்டுதோறும் ஒரு கவலை. "பன் காய்ந்துவிடுமோ?" என்பதுதான் அது.

குங்குமப்பூதான் பன்னைக் காய வைக்கிறது என்று பலர் சொல்வார்கள். பாவம், குங்குமப்பூ! பெரும்பாலும் குற்றம் கையில் இருக்கிறது. மாவு கையில் ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவைத் தூவுவார்கள். அதனால் பன் கெட்டிப்படும். "இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கட்டும்" என்று அடுப்பில் விட்டுவைப்பார்கள். அதனால் காய்ந்துவிடும்.

மாவு கொஞ்சம் கையில் ஒட்டினால் ஒட்டட்டும். அதுவே பதம். தயிர் சேர்ப்பதும் ஈரம் காப்பதற்குத்தான்.

இந்தப் பன் சுட்ட அன்று தேவாமிர்தம். மறுநாளே ருசி குறைந்துவிடும். ஆகையால் ஆறியவுடன் எடுத்துக் குளிர்பெட்டியில் உறைய வைக்கிறார்கள். வேண்டும்போது எடுத்துச் சூடு காட்டினால் புதிய பன் போல இருக்கும். காய்ந்துபோன பன்னையும் எறிவது இல்லை. இரண்டாக வெட்டி, மிதமான சூட்டில் மறுபடி சுட்டு, ரஸ்க் ஆக்கிவிடுகிறார்கள். காப்பியில் தொட்டுத் தின்ன அது அருமை!

பன்றியும் பாதிரியாரும்!

பூனை மட்டும்தானா? இந்த மாவில் வேறு பல உருவங்களும் செய்கிறார்கள்.

நாலைந்து சுருள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் "பாதிரியார் தலைமுடி"! துணியில் சுற்றிய கைக்குழந்தை போலச் செய்தால் "சுற்றிய குழந்தை". இரண்டு சுருள்களைக் குறுக்கே வைத்தால் "தங்க வண்டி". "கிறிஸ்துமஸ் பன்றி" என்றும் ஒன்று உண்டு.

உருவம் பிடிப்பது குழந்தைகள் வேலை. தாய் மாவு பிசைவாள். தந்தை அடுப்பைப் பார்த்துக்கொள்வார். பாட்டி, "திரி தடித்துவிட்டது, இன்னும் மெல்லியதாக உருட்டு" என்று சொல்வாள். நாலு வயதுப் பையன் செய்த பூனைக்கு வால் மூன்று இருக்கும். அதையும் சுட்டு, தட்டில் வைப்பார்கள். அதுதான் முதலில் தீர்ந்துபோகும்!

கறுப்பு நிறக் குழந்தை லூசியா ஆகலாமா?

பொன் நிறத் தலைமுடி உள்ள பெண்தான் லூசியா ஆகவேண்டும் என்று பலர் வெகுகாலம் நினைத்தார்கள்.

2016-ம் ஆண்டு சுவீடனில் ஒரு பெரிய கடை, கறுப்பு நிறக் குழந்தை ஒன்றுக்கு லூசியா உடை அணிவித்து விளம்பரம் செய்தது. சிலர் அந்தக் குழந்தையை இழிவாகப் பேசினார்கள். விளம்பரப் படம் எடுக்கப்பட்டுவிட்டது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஏராளமான சுவீடன் மக்கள் குழந்தையின் பக்கம் நின்று, ஆதரவுச் செய்திகளைக் குவித்தார்கள். "விளக்கைச் சுமக்கத் தோல் நிறம் எதற்கு?" என்ற கேள்வி நாடு முழுவதும் எழுந்தது. சிராக்கூஸ் நகரத்து லூசியாவின் தலைமுடி என்ன நிறம் என்று யாருக்குத் தெரியும்?

ராமனும் ஸ்டாக்கோமும்

நோபல் பரிசு ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 10-ந் தேதி ஸ்டாக்கோமில் வழங்கப்படுகிறது. லூசியா திருநாளுக்கு மூன்று நாள் முன்பு! 1930-ல் சர் சி. வி. ராமனும், 1983-ல் சந்திரசேகரும், 2009-ல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் அந்த இருண்ட டிசம்பரில்தான் அங்கே பரிசு பெற்றார்கள்.

பரிசு பெற்றவர்கள் தங்கும் ஓட்டலில், 13-ந் தேதி விடியற்காலையில் லூசியா ஊர்வலம் வந்து பாடி எழுப்புவது நெடுநாள் வழக்கம்.

பன் தின்ற ராஜா!

சுவீடன் மக்களுக்குப் பன் மேல் இருக்கும் ஆசை சாமானியம் அல்ல. கிறிஸ்துமஸ் முடிந்தவுடன் அடுத்த பன் வந்துவிடும்! அதன் பெயர் "செம்லா". ஏலக்காய் மணக்கும் பன்னைக் குடைந்து, உள்ளே பாதாம் விழுதை வைத்து, மேலே பாலேடு நிரப்பியிருப்பார்கள். அந்த ஏலக்காய்ச் செடிக்குப் பிறந்த வீடு நமது மேற்குத் தொடர்ச்சி மலை!

ஈஸ்டருக்கு முந்திய நோன்பு தொடங்குமுன், வயிறு நிறையத் தின்பதற்கு என்று ஏற்பட்ட பன் இது.

1771-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி, அடால்ப் பிரெடரிக் என்ற சுவீடன் அரசர் பெரிய விருந்து சாப்பிட்டார். மீன், இறால் வகை, சாம்பேன் மது எல்லாம் முடிந்தபின், சூடான பாலில் ஊறிய செம்லாவையும் தின்றார். அன்றே இறந்துபோனார்!

"பன் தின்று செத்த ராஜா" என்று சுவீடன் குழந்தைகளுக்கும் அவரைத் தெரியும். ஆனால் அதற்காக யாரும் பன் தின்பதை நிறுத்தவில்லை. நாலு பூக்கள் ஒளிந்திருக்கும் லூசியா பூனையையோ கேட்கவே வேண்டாம். ஒன்றோடு நிறுத்துபவர் எவரும் இல்லை!